ஒன்பதாம் கேள்விக்கு மழைச் சத்தம்

1

இந்தக் கதை என் மாலை வகுப்பில் பிறந்தது. கணினியில் வினாப்பட்டியல் அமைப்பது பற்றிப் பாடம். திரையின் ஓரத்தில் ‘பின்னணி ஒலி’ என்று ஒரு பொத்தான். கேள்வித்தாளுக்கு எதற்குப் பாட்டு? பேருந்து முழுக்க இதே யோசனை. என் ஊரான படவேட்டில் நான் இறங்கியபோது கவியாவும் கூடவே இறங்கினாள். (அவளை நான் ‘உருவாக்கினேன்’ என்று எழுத வேண்டுமோ? இல்லை, இறங்கினாள்.)

2

முதல் தொடக்கம்: ஜவ்வாது மலையைப் பனி மூடியிருந்த ஒரு காலையில் கவியா —

வேண்டாம். பனி எல்லா மலையிலும்தான் இருக்கிறது.

இரண்டாவது: சசிகலாவுக்கு ஏழாம் மாதம்.

இது நிற்கிறது! மலைமேல் கர்ப்பிணிகளிடம் கேள்வி கேட்க மடிக்கணினியோடு போகிறாள் கவியா. கேள்விகளைக் கணினியே வாசிக்கும். பதிலைத் தொட்டால் போதும். ஒன்பதாம் கேள்வி: ‘பிரசவத்துக்கு மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போக விரும்புகிறீர்களா?’ ஆம் என்றால் நர்ஸ் வந்து வீட்டாரிடம் பேசுவார், நாள் நெருங்கியதும் வண்டி வரும்.

பதில் சசிகலாவுடையதாக இருக்க வேண்டும். சிக்கலே அதுதான்.

“அவள இன்னாத்துக்குக் கேக்குற? நான் சொல்றேன், எழுதிக்கோ. இந்த வூட்லதான் நாலும் பெத்தேன்” என்றாள் மாமியார் சாந்தம்மாள்.

“அக்காதான் சொல்லணுங்க, பெரியம்மா.”

“அவ வாய் வேற, என் வாய் வேறயா?”

கவியா காதொலிக் கருவியைக் கொடுத்துப் பார்த்தாள். அதற்கு இரண்டு முனை. ஒன்றைச் சாந்தம்மாள் தன் காதில் செருகிக்கொண்டாள்.

3

(சாந்தம்மாளை வில்லியாக்கிவிட்டேனோ? திருத்துகிறேன்: வளைவுக்கு வளைவு குலுங்கும் வண்டியில் வலியோடு ஒருத்தியை அனுப்ப அவளுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் கேள்வி அவளுக்கானதல்ல.)

4

இங்கேதான் அந்தப் பொத்தான்! கேள்வியை வாசிக்கும் குரலைத் தாழ்த்தி, பின்னணியில் ஒரு சத்தம் ஓடவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேள்வி புரியாது. கவியா மறுமுறை வந்தபோது மழையைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். என் மாலை வகுப்பின் தகரக் கூரையில் பெய்ததை அவளே கைபேசியில் பதிந்திருந்தாள். நெல் விளைவிக்கும் வீட்டுப் பெண். மழை அவளுக்கு இதமான சத்தம்.

சாந்தம்மாளின் வீட்டுக்கும் தகரக் கூரை. வெளியே பாறைமேல் புளி காய்ந்துகொண்டிருந்தது.

எட்டாம் கேள்வி முடிந்தது. மழை வலுத்தது.

“ஐயோ, புளி!”

சாந்தம்மாள் பாய்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் பாய்ந்தார்கள். “தார்ப்பாய எடுடா ரமேசு!” என்ற கூச்சல் கேட்டதும், வெளியே நின்றிருந்த சசிகலாவின் கணவனும் ஓடினான். போதாததற்குக் கவியாவும் ஓடினாள், தன் மழைதான் என்பதை மறந்து!

கணினிப் பெட்டிக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்த சசிகலா மட்டும் அசையவில்லை. எங்கே பெய்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

(இதை நான் திட்டமிடவில்லை.)

5

புளியை வாரிக் கட்டிய பிறகுதான் சாந்தம்மாள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். வெயில் கொளுத்தியது.

“இன்னாடி இது, மழையும் காணோம் ஒண்ணும் காணோம்?”

“பொட்டியில பெய்யுதுங்க, அத்தை” என்றாள் உள்ளேயிருந்து சசிகலா.

கவியா ஓடிவந்து பார்த்தாள். திரையில் பத்தாம் கேள்வி; ஒன்பதுக்குச் சசிகலாவே பதில் தொட்டாயிற்று.

முடிவு அ: அவள் ‘ஆம்’ தொட்டாள். வண்டி வந்தது, சாந்தம்மாளும் முணுமுணுத்தபடி ஏறி —

முடிவு ஆ: ‘இல்லை’ தொட்டாள். மாமியாருக்குப் பயந்து அல்ல, அவளுக்கே —

இரண்டையும் அடித்துவிட்டேன். பதிலை நர்ஸ் மட்டுமே திறக்கலாம். அப்படித்தான் கவியா அமைத்திருக்கிறாள். எழுதுபவள் என்று கெஞ்சினேன். “உங்களுக்கும் கிடையாதுங்க” என்கிறாள்.

நீங்கள் மனதுக்குள் ஒன்றைத் தொட்டிருப்பீர்கள். இருக்கட்டும். சாந்தம்மாள் கேட்டால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.