மரியாதையான எழுத்து

அவர் எழுத்துரு வடிவமைப்பாளர். கணினியிலும் அச்சிலும் நாம் படிக்கிற எழுத்துகளுக்கு உருவம் கொடுக்கிற வேலை. ஆறு வருடமாக ஒரே ஒரு எழுத்துருவைத்தான் வரைந்துகொண்டிருந்தார். அதில் ஒவ்வொரு எழுத்தின் நுனியிலும் மெல்லிய பாதம் போல ஒரு சிறு கோடு நீளும். அதற்கு செரிஃப் என்று பெயர். இதை விளக்கிச் சொன்னபோது மைத்துனன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எழுத்துக்கெல்லாம் செருப்பு மாட்டிவிடறீங்க, அப்படித்தானே மாமா?" என்றான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவனோடு பேச்சுவார்த்தை இல்லை.

'ரு' என்ற ஓர் எழுத்துக்கு மட்டும் நான்கு மாதம் பிடித்தது. அதன் வால் எங்கே மெலிய வேண்டும், எங்கே தடிக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில், குளியலறைக் கண்ணாடியின் ஆவியில், மனைவியின் முதுகில் எல்லாம் வரைந்து பார்த்தார். மனைவி ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஃபோனில் திட்டு வாங்கிவிட்டு வருகிறவளுக்கு, முதுகில் யாராவது விரலால் எழுதுவது பிடித்துத்தான் இருந்தது.

எழுத்துரு முடிந்ததும் கவிதை நூல்களுக்கும் அருங்காட்சியகச் சுவர்களுக்கும் போகும் என்று நினைத்தார். பதிப்பாளர் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிட்டு, எழுத்து கவிதையைவிட நன்றாக இருக்கிறது, கவிஞர் மனம் புண்படும் என்று திருப்பித் தந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை அடிப்பவரோ, இதில் பெரியப்பா பெயர் இளைத்துத் தெரிகிறது, அப்புறம் அவர் கல்யாணத்துக்கே வரமாட்டார் என்றார்.

கடைசியில் மனைவிதான் கைகொடுத்தாள். தன் மேலாளரிடம் ஒரு மாதிரிப் பக்கத்தைக் காட்டினாள். அவருக்குப் பிடித்துப்போய், நிறுவனத்தின் கடிதங்கள் அத்தனையும் இனி இந்த எழுத்தில்தான் என்று உத்தரவு போட்டார். அன்று வீட்டில் மைத்துனன்கூட மன்னிக்கப்பட்டான்.

காப்பீட்டு நிறுவனம் அதிகம் எழுதுவது மறுப்புக் கடிதம். 'தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' பழைய எழுத்தில் இதைப் படித்தவர்கள் உடனே ஃபோனை எடுத்துக் கத்தினார்கள். புது எழுத்திலோ, எழுதியவர்கள் நிஜமாகவே வருந்துவது போல் இருந்தது. முதல் மாதம் அழைப்புகள் பாதியாகின. மூன்றாம் மாதம் ஃபோன் வேலை செய்கிறதா என்று அவள் அவ்வப்போது எடுத்துக் காதில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எட்டுப் பேர் இருந்த பிரிவுக்கு இரண்டு பேர் போதும் என்று தலைமையகம் முடிவு செய்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்தவள், தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல் ஒரு கடிதத்தை அவர் மேசையில் வைத்தாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். நல்ல காகிதம். 'வருந்துகிறோம்' என்ற சொல்லில் 'ரு'வின் வால் அடுத்த எழுத்தைத் தொடாமல் மயிரிழை தள்ளி நின்றது. வரி இடைவெளியைத்தான் நெருக்கிவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"பாக்காதீங்க," என்றாள் மனைவி. "படிங்க."

படித்தார். பதினான்கு வருட உழைப்புக்கு நன்றி சொல்லி அவளை வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். ஆனாலும், கடிதம் அழகாகத்தான் இருக்கிறது என்ற நினைப்பை அவரால் விரட்ட முடியவில்லை. அதை முகத்தில் மறைக்கவும் தெரியவில்லை.

நான்காம் நாள் துணி வாங்கச் சலவைக் கடைக்குப் போனாள். மழைத்தண்ணீர் புகுந்து கடையின் இரண்டு இயந்திரங்கள் பாழாகியிருந்தன. காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. அந்த மறுப்புக் கடிதத்தைக் கடைக்காரர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஏன் புகார் செய்யவில்லை என்று கேட்டாள்.

"இவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க. இவங்ககிட்ட போய் எப்படிம்மா சண்டை போடறது?"

அங்கேயே ஒரு தாள் வாங்கி, துணியில் அடையாளம் போடும் தடித்த பேனாவால் அவள் புகார் எழுதினாள். எந்த வார்த்தைக்கு நிறுவனம் பயப்படும் என்று அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா? கடிதம் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றே வாரத்தில் கோரிக்கை ஏற்கப்பட்டது.

பிறகு மறுப்புக் கடிதம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். முன்னறையில் நாற்காலி போதவில்லை. எழுதி எழுதி அவள் மணிக்கட்டு வீங்கியது. அப்போதுதான் அவர், யாரும் கேட்காமலே, மொட்டையும் முரடுமாக ஓர் எழுத்துருவைப் பதினோரு நாளில் வரைந்து அவள் கணினியில் போட்டுக் கொடுத்தார். அதில் 'ரு'வுக்கு ஆனது நாற்பது நிமிடம்.

அவள் 'உடனடியாக' என்று தட்டிப் பார்த்தாள்.

"கண்றாவியா இருக்கு," என்றாள். "இதுதான் வேணும்." வேலை போன பிறகு அவரைப் பார்த்து அவள் சிரித்தது அன்றுதான்.

நிறுவனத்தில் புகார்கள் மறுபடி குவிந்தன. பிரிவுக்குத் திரும்ப ஆள் எடுத்தார்கள். நீக்கப்பட்ட மற்ற ஐந்து பேரும் போய்ச் சேர்ந்தார்கள். மேலாளர் அவளுக்கும் ஃபோன் செய்து, முரட்டு எழுத்தில் ஏதோ கடிதங்கள் வருகின்றன, பதில் எழுத உங்களைப் போல் அனுபவசாலி வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவருடைய நளினமான எழுத்துருவுக்கு ஒரு விருது கிடைத்தது. வாசிப்பவர் மனத்தில் அமைதியை உண்டாக்கும் எழுத்து என்று மேடையில் பாராட்டு மடல் வாசித்தார்கள். அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் மனைவி மட்டும் தட்டவில்லை. மறுநாள் அனுப்ப வேண்டிய பதினேழு கடிதங்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, விருதை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, பாதிக் கடிதங்களை வாங்கிக்கொண்டார்.