தோளில் ஒரு பள்ளம்

தோளெலும்புக்கும் மார்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. நாற்பத்தாறு வயதுவரை அது எனக்குத் தெரியவே தெரியாது. குளிக்கும்போது சோப்புப் போட்டிருப்பேன். மகள் குழந்தையாய் இருந்தபோது அங்கேதான் தலை சாய்த்துத் தூங்கியிருப்பாள். அப்போதும் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்துக்கொண்டாள் மாரித்.

காரின் சீட் பெல்ட் சரியாக அந்த இடத்தின் மேலேதான் ஓடியது. மாரித் அதன் அடியில் இரண்டு விரலை நுழைத்து, பள்ளம் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது. வெளியே சதுப்பு நிலத்தின் மேல் மூடுபனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பிர்ச் மரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் இலை. ஆகஸ்ட் முடியப்போகிறது. அடுத்த வாரம் மூஸ் மான் வேட்டை தொடங்கிவிடும். அதன் பிறகு யெம்த்லாந்து மாகாணம் முழுக்க ஒருவருக்கும் வேறு பேச்சு இருக்காது.

"தூங்கிட்டியா?" என்றான் ஃபோல்கெ, வண்டியை ஓட்டிக்கொண்டே.

"இல்ல."

"கண்ணு மூடியிருந்துச்சே."

"மூடினா தூக்கமா?"

சிரித்தான். காலையிலிருந்தே எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான். முதல் சைக்கிள் வாங்கப் போகிற பையனைப் போல முகம். இருபத்திரண்டு வருஷமாக இந்த முகத்தைப் பார்க்கிறாள். அது மலர்ந்திருந்தால் வீட்டில் அடுப்பு எரிகிற மாதிரி ஒரு சூடு இருக்கும். அதற்காகவே பலவற்றுக்குத் தலையாட்டியிருக்கிறாள்.

இதற்கும் அப்படித்தான் ஆட்டினாள். ஒருவர் பேரில் ஆறு வேட்டைத் துப்பாக்கிகள் வரை இருக்கலாம். அதற்கு மேல் என்றால் போலீஸ் ஏன், எதற்கு என்று குடைவார்கள். ஃபோல்கெயின் இரும்பு அலமாரியில் ஆறும் நிறைந்து வெகுகாலமாயிற்று. ஒன்று அப்பா கொடுத்தது, அதை விற்க முடியாது. ஒன்று மழைக்கு. ஒன்று பனிக்கு. ஒன்று அழகாக இருக்கிறதே என்று வாங்கியது. ஏழாவதாக ஒன்றின் மேல் அவனுக்குக் கண். ஆப்பிரிக்க எருமையைக்கூடச் சாய்க்கும் பெரிய ரகம். போன பிப்ரவரியில் அவள் அடுப்பில் பான்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "நீயும் வேட்டைப் பரீட்சை எழுதேன்" என்றான்.

"எனக்கெதுக்கு அது?"

"உன் பேர்ல ஒண்ணு வாங்கிக்கலாம்ல."

அவன் எதையும் மறைக்கவில்லை. அவளும் சிரித்தபடி சரி என்றாள்.

பள்ளிக்கூடத்துத் தச்சுப் பட்டறையில் சாயங்கால வகுப்பு. மரத்தூள் வாசனை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பல்லைப் பார்த்து மூஸின் வயதை எப்படிச் சொல்வது, எந்த நேரத்தில் சுடக் கூடாது. இதில் கடைசிப் பாடம்தான் நீளமானது. மே மாதம் சுடுகளத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தண்டவாளத்தின் மேல் ஒரு மர மூஸ் ஓடும். பயிற்சி கொடுத்தவர் இரவல் துப்பாக்கி ஒன்றை நீட்டி, "தோள்ல ஒரு பள்ளம் இருக்கு, அங்க வை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வைத்தாள். மூச்சு பாதியில் நின்றது. அதோடு எல்லாமே நின்றுவிட்டது. காலையில் கழுவாமல் விட்ட பாத்திரம், மகளிடமிருந்து வராத போன், தன் பெயர்கூட. மர மூஸ் தண்ணீருக்குள் நீந்துவதைப் போல மெதுவாக வந்தது. வெடிச் சத்தம் அவளுக்குக் கேட்கவேயில்லை.

அன்றிரவு அந்தக் கனவு முதல்தடவை வந்தது. ஒரு பெண் மூஸ் சமையலறைக்குள் வந்து அடுப்போரம் நிற்கிறது. அதன் மூச்சில் சன்னல் கண்ணாடி மங்குகிறது. மாரித்தின் கையில் ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. கனமாக இல்லை. அவள் சுடவும் இல்லை, அது ஓடவும் இல்லை. இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். சுடுவதா வேண்டாமா என்பது அவள் கையில் இருக்கிறது, அவசரப்படுத்த யாருமில்லை. விழிக்கும்போது உள்ளங்கைகள் வெதுவெதுப்பாக இருக்கும். கோடை முழுக்க வந்தது அந்த மூஸ். ஃபோல்கெயிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால், கனவில் இருந்தது என்ன ரகத் துப்பாக்கி என்று கேட்டிருப்பான்.

ஓஸ்டெனின் துப்பாக்கிக் கடை ஏரியைப் பார்த்தபடி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்தது. துப்பாக்கி எண்ணெயும் காப்பியும் கலந்த வாசனை. ஓஸ்டென் ஃபோல்கெயோடு ஒன்றாய்ப் படித்தவன். கைகளை விரித்துக்கொண்டு வந்தான்.

"வா வா மாரித்! முதல் துப்பாக்கியா? நம்ம ஊருப் பொண்டாட்டிங்களுக்கு என்னா வீரம்டா ஃபோல்கெ! எத்தனை பேரு பேர்ல கரடித் துப்பாக்கி எழுதிக் கொடுத்திருக்கேன் தெரியுமா? ஒருத்தியும் கரடியக் கண்ணால பார்த்ததில்ல."

"கரடி அவங்களப் பார்த்திருக்கும்" என்றாள் மாரித். "வெளிய சொல்லியிருக்காது."

ஓஸ்டென் மேசையைத் தட்டிச் சிரித்தான். காப்பி ஊற்றி, ஏலக்காய் பன் தட்டைத் தள்ளி வைத்தான். அவள் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"முதல் துப்பாக்கின்னா எல்லாத்துக்கும் ஒத்து வரணும்" என்று தொடங்கினான் ஃபோல்கெ. "மூஸுக்கு ஆகணும், கரடிக்கு ஆகணும். நாளைக்கே ஆப்பிரிக்கா போனோம்னா எருமைக்கும் ஆகணும்."

"ஆப்பிரிக்காவுக்கு யாரு போறது?"

"நாமதான்."

"காட்டுல சின்ன ஜாதி மான் வந்தா?" என்று கேட்டான் ஓஸ்டென். "இதுல அடிச்சீன்னா கொம்புதான்டா மிஞ்சும். எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துற கதை."

"நீ விக்கிறியா, இல்ல போதனை பண்றியா?"

"விக்கிறேன் சாமி, விக்கிறேன்."

பச்சைக் கம்பளி விரித்த மேசையில் ஓஸ்டென் அதைக் கிடத்தினான். வால்நட் கட்டையில் புகை மாதிரி ரேகைகள் ஓடின. ஃபோல்கெ அதை உடனே தூக்கவில்லை. விரல் நுனிகளால் மட்டும் தொட்டான். மகள் பிறந்த அன்று அவள் உச்சந்தலையை இப்படித்தான் தொட்டான். மாரித் அந்த விரல்களையே பார்த்தாள். இந்த மனிதனுக்கு ஒரு ஆசை, அதில் கெட்டது எதுவும் இல்லை. நான் சரி என்றால் தீர்ந்துபோகும்.

"தூக்கிப் பாரு" என்றான் ஓஸ்டென். "கண்ண மூடிக்கிட்டுத் தோள்ல வை. அப்புறம் திற. மேல இருக்கிற தொலைநோக்கில முழு வட்டம் தெரிஞ்சா அது உன் துப்பாக்கி."

உள்ளே தோட்டா இல்லை என்று அவளே திறந்து பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணை மூடித் தூக்கினாள். துப்பாக்கி அவளை முன்னால் இழுத்தது. கண்ணைத் திறந்தபோது வட்டத்தின் பெரும்பகுதியைக் கறுப்பு தின்றிருந்தது. ஓரத்தில் மட்டும் வெளிச்சம்.

"என்ன தெரியுது?" ஃபோல்கெயின் குரல் காதருகே வந்தது.

"தேய்பிறை."

"கழுத்தக் கொஞ்சம் நீட்டு. சரியாயிடும்."

நீட்டினாள். சரியாயிற்று. முழு வட்டத்துக்குள் எதிர்க்கரை வந்தது. நீட்டினால் எல்லாம் சரியாகத்தான் போகிறது, எப்போதும். சற்று நேரத்தில் கழுத்து நரம்பு துடித்தது. துப்பாக்கியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கோடியில இருக்கே, அது என்ன?"

"அதுவா?" ஃபோல்கெ உதட்டைப் பிதுக்கினான். "ஆறரை மில்லிமீட்டர் தோட்டா. பழசு. கொசு கடிச்ச மாதிரி இருக்கும்."

"இந்த நாட்டு மூஸுல பாதிய அந்தக் கொசுதான்டா கடிச்சிருக்கு" என்றபடி ஓஸ்டென் எடுத்து வந்தான். "கரடிக்கும் போதும், சின்ன மானுக்கும் பொருந்தும். தோள உதைக்காது. உதைக்குமோன்னு பயந்தாத்தான் குறி தப்பும்."

கட்டையில் கீறல்கள் இருந்தன. யாரோ வருஷக்கணக்காகக் கன்னம் வைத்து வைத்து ஓரிடம் மட்டும் வழவழப்பாயிருந்தது. மாரித் திறந்து பார்த்தாள், மூடினாள், கண்ணையும் மூடிக்கொண்டாள். அது தானாகவே வந்து பள்ளத்தில் அமர்ந்தது. இந்தக் கனத்தை அவளுக்குத் தெரியும். அடுப்பில் பிர்ச் விறகு எரியும் வாசனை வந்தது. சன்னல் கண்ணாடி மங்கியது. மிக அருகில், ஒரு பெரிய உடம்பு மூச்சு விட்டது.

கண்ணைத் திறந்தாள். பௌர்ணமி போல முழு வட்டம். அதற்குள் பனியில் கரைந்துகொண்டிருக்கும் எதிர்க்கரை, அதில் ஒற்றை ஸ்ப்ரூஸ் மரம். அந்த மரத்தடியில் யாரும் இல்லை. ஆனாலும் அவள் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாரோ தன் பெயரைச் சொல்வது ஏரிக்கு அப்பாலிருந்து கேட்பதைப் போல இருந்தது.

"மாரித். ஏய், மாரித்."

ஃபோல்கெ அவள் முழங்கையைப் பிடித்து, ரப்பர் பூட்ஸ் அடுக்கியிருந்த மூலைக்கு நகர்த்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"நல்லாத்தான் இருக்கு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இதே மாதிரி ஆறரை ஒண்ணு என் அலமாரியிலயே இருக்கே. அப்பாவோடது. நீ எப்ப வேணாலும் எடுத்துக்கோ. உன் பேர்ல பெருச எழுதிடலாம்."

"அது உங்கப்பா கைக்குச் செஞ்சது. எனக்கு அதோட மரக்கட்டை ரொம்ப நீளம்."

"அறுத்துக் கொடுக்கிறேன்."

அவன் அறுக்க மாட்டான். அறுக்கக் கூடாதும்தான். அவளுக்கு அது தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பூட்ஸ் ஒன்றை நேராக்கி வைத்தான்.

"எனக்கு ஐம்பத்து மூணாகுது மாரித். சின்ன வயசுலருந்து இது ஒண்ணுதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை. அந்தப் பெருசுதான் எனக்கு வேணும்னு நீ அவன்கிட்ட சொன்னா முடிஞ்சுது. வேற எதுவும் கேக்கல."

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். காலைச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது, கண்ணோரத்தில். இது அணையும். திரும்பிப் போகிற வழி முழுக்கப் பேசமாட்டான். இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு ஆறிப்போகும். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஏழாவது இடம் இருவர் கண்ணிலும் படும். இவையெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குள் வந்து உட்கார்ந்தன, கூட்டத்துக்கு வருகிறவர்கள் நாற்காலி பார்த்து உட்காருவதைப் போல. சமையலறையில் அந்த மூஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அது அவளை எதுவும் கேட்கவில்லை. இன்று கழுத்தை நீட்டினால் இனி அது வராது என்று மட்டும் அவளுக்குப் பட்டது.

மேசைக்குத் திரும்பினார்கள். அந்தப் பழைய துப்பாக்கி அவள் கையிலேயே இருந்தது. ஓஸ்டென் பேனாவின் மூடியைக் கழற்றி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எதையாவது செய்ய வேண்டுமே என்று பன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"மாரித் பேருலதான். எந்தத் துப்பாக்கின்னு எழுதட்டும்?"

"சொல்லு" என்றான் ஃபோல்கெ மெல்ல. "அந்தப் பெருசுன்னு சொல்லு."

ஏரியின் மேல் பனி விலகிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை மரம் இப்போது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

"வேண்டாம், ஃபோல்கெ" என்றாள். இரண்டாவது பன்னை மறுக்கிற குரலில்தான் சொன்னாள்.