ஆறும் ஒன்றும்

6-3-1960, ஞாயிறு. திருப்பதி. இன்று ஒரு சிறு பிழை செய்தேன். ஒரு மணிக்கு வரச் சொன்னார்கள், பன்னிரண்டரைக்கே வந்துவிட்டேன். வேலைக்கு ஆலாய்ப் பறக்கிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை கால் மணி முன்னதாக வந்தால் போதும்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கோவர்த்தனன் பேனாவை மூடினான், மறுபடி திறந்து 'ஆலாய்ப் பறக்கிறவன்' என்பதில் ஒற்று விழுந்திருக்கிறதா என்று பார்த்தான், விழுந்திருந்தது, மூடினான். மாடிப்படி ஏறியதும் இருந்த பெஞ்சில் அவன் ஒருவன்தான். எதிரே கதவு பூட்டிக் கிடந்தது, பூட்டினால் என்ன, ஒரு மணிக்குத் திறப்பார்கள், கீழே யாத்திரிகர் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது, இந்தச் சத்தத்தில் எப்படிக் குரலைப் பதிவு செய்வார்கள், ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிடுவார்களோ என்னவோ. உழவர் பெருமக்களே, உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, உங்கள் வயலில் இருக்கிறதா? இதுதான் முதல் வரி. 'இருக்கிறதா'வில் குரல் ஏற வேண்டும், ஆனால் அதட்டுவது போல ஏறக் கூடாது, கேள்வி கேட்கிற மாமன் போல ஏற வேண்டும். நேற்று இரவு இருபது முறை சொல்லிப் பார்த்தான். பம்புசெட்டு விளம்பரப் படம், மூன்று நிமிஷம், டூரிங் டாக்கீஸ்களில் இடைவேளையில் போடுவார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி திருத்தணிப் பக்கமெல்லாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது, அங்கே தமிழ்க் குரல் வேண்டும் என்று படம் எடுக்கிற நாயுடு தேடிக்கொண்டிருந்தார், சித்தூர் பொருட்காட்சியில் காணாமல் போன குழந்தைகளை மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்தார். இது நன்றாக அமைந்தால் மாதம் ஒரு படமாவது வரும் என்றார். வந்தாக வேண்டும். அச்சாபீசில் அவன் பார்ப்பது தமிழ் மெய்ப்பு, ஏப்ரலுக்குப் பிறகு தமிழ் நோட்டீசு பாதியாய்க் குறையும் என்று முதலாளி இரண்டு தடவை சொல்லிவிட்டார், இரண்டாம் தடவை இவன் முகத்தைப் பார்த்தே சொன்னார். நாயுடு கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தெலுகு வச்சா? தெலுங்கு வருமா? உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிறுத்து, வேகமாக, மறுபடி என்றெல்லாம் தெலுங்கில்தான் சொல்வாராம், அது உடனே புரிய வேண்டுமாம். வச்சண்டி, வரும் ஐயா, என்று சொல்லிவிட்டான். பொய்யா? ஐந்து மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறான், ஒன்று முதல் நூறு வரை கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறான், முழுப் பொய் இல்லை. நேற்றுச் சாயங்காலம் நாயுடு சித்தூருக்கு வந்தவர் வகுப்பு வாசலிலேயே வந்து நின்று, ரேப்பு ஆருன்னொகட்டிக்கி வச்செய் என்றார். வச்செய் வந்துவிடு, ரேப்பு நாளை. நாளை ஆறாம் தேதி. ஆறு, ஒகட்டி. ஆறாம் தேதி, ஒரு மணி. அலாகேனண்டி, அப்படியே ஐயா, என்று இவன் தலையாட்டியதில் வகுப்பில் இருந்தவர்களே மெச்சியிருப்பார்கள்...

படியில் செருப்புச் சத்தம். வந்தது ஞானமணி டீச்சர், மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறவர், படத்தில் உழவனின் மனைவியாகப் பேசப்போகிறவர், பொருட்காட்சியில் நாயுடுதான் பழக்கம் பண்ணி வைத்தார். கையில் குடை. இவனைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"அடப்பாவி தம்பி, இப்ப வந்து உக்காந்துகினு இருக்கியே!"

"அரை மணி முன்னாடியே வந்துட்டேன் டீச்சர்," என்றான், பெருமையை அடக்கிக்கொண்டு.

"இன்னாது முன்னாடி? காலைல ஏழுலேர்ந்து உனுக்குத்தான் காத்துகினு இருந்தோம். மெட்ராஸ்லேர்ந்து மிஷினோட வந்த பழனி பத்து வாட்டி கடியாரத்தப் பாத்தாரு. எட்டு மணிக்கு மேல பஸ் சத்தம், ஒண்ணும் பதிய முடியாது. நாயுடு குதிச்சாரு பாரு, நானே பேசறேன், தமிழ் இன்னா பெரிய மலையான்னு ஆரம்பிச்சிட்டாரு."

"ஏழா? ஆறாந்தேதி ஒரு மணின்னு தானே... ஆருன்னொகட்டின்னாரே."

டீச்சர் குடையைச் சுவரில் சாய்த்தார். முதலில் உதடு துடித்தது, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். "ஆறும் ஒண்ணும் ஏழு தம்பி! தெலுங்குல ஏடுன்னா ஏழு, ஏடுன்னா அழுவுன்னும் அர்த்தம். நல்ல காரியத்துக்குக் கூப்பிடறவரு அழுதுகினு வாடான்னு சொல்வாரா? அதான் ஏழுன்னு வாயால சொல்ல மாட்டாங்க, ஆறும் ஒண்ணும்பாங்க. உங்க வாத்தியார் சொல்லித் தரலயா?"

சொல்லித் தரவில்லை. கட்டத்தில் ஏழாவது வீட்டில் ஏடு என்றுதான் எழுதியிருந்தது, ஆசிரியர் அதற்குச் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார். ஏழு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஏழு மணிக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், செம்பில் கரி நெருப்பைப் போட்டு, காலரை இரண்டு முறை. பழனி முதல் வாட்டி கடிகாரத்தைப் பார்த்தபோது காலர். ஏழே கால், நெருப்பைக் கொட்டியது. ஏழரை, இட்லி, நிதானமாக, இன்னும் ஒன்று வைக்கட்டுமா என்றதற்கு வை என்றது. எட்டேகாலுக்குப் பஸ், ஜன்னல் ஓரம், சந்திரகிரி மலையைப் பார்த்துக்கொண்டு உங்கள் வயலில் இருக்கிறதா, உங்கள் வயலில் இருக்கிறதா... அத்தனை நேரமும் இவன் தாமதமாகிக்கொண்டே வந்திருக்கிறான், அது இவனுக்குத் தெரியவில்லை. தெரிந்து தாமதமாகிறவன் ஓடவாவது செய்வான். இப்போது எங்கே ஓடுவது? நடந்ததை நடந்தபடி சொல்லலாம். ஐயா, நீங்கள் சொன்ன மணி எனக்குப் புரியவில்லை. அப்படியானால் தெலுகு வச்சண்டி என்றது? ஏழு தெரியாதவனுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதைச் சொல்வது? உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஐந்தரை மணி நேரத்துக்கு எதைச் சொல்வது? நகரிக்குப் பக்கத்தில் ஊர், அக்கா யசோதாவைத் திருத்தணியில் கொடுத்திருக்கிறது, அக்கா சென்னை ராஜ்யத்துக்குப் போய்விடுவாள், இவர்கள் இங்கேயே, எந்தப் பக்கம் போனா இன்னா, கெணறு எங்கியும் போவாது என்கிறார் நைனா, கிணற்றுக்குத் தெலுங்கு தெரிய வேண்டியதில்லை...

"இப்பிடி முழிக்காத," என்றார் டீச்சர். "நான் ஒண்ணு சொல்லிட்டேன். கோவிச்சிக்கக் கூடாது."

"இன்னா சொன்னீங்க?"

"வழியில பஸ்லேர்ந்து எறங்கும்போது விழுந்து கை ஒடிஞ்சிபோச்சாம், புத்தூருக்குக் கட்டுப் போடத் தூக்கிகினு போயிட்டாங்களாம், பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் சொன்னாருன்னு சொல்லிட்டேன். வேற இன்னா பண்றது? அந்த மனுஷன் தமிழ்ல பேசறதக் கேட்டா திருத்தணில ஒருத்தன் பம்பு வாங்குவானா? உடனே எறங்கி வந்துட்டாரு. பாபம் பாபம்னாரு. மிஷின நாளைக்கும் இருக்கச் சொல்லிட்டாரு. ஆண்டவர் என்னிய மன்னிக்கட்டும், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கும் போவாம பொய் சொல்லியிருக்கேன்."

அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். இரண்டும் மடியில் நோட்டுப் புத்தகத்தின் மேல் ஆரோக்கியமாக இருந்தன. இந்தப் பொய்யை நான் சொல்லவில்லை, இது வேறொருவர் சொன்னது, ஆனால் என் கையைப் பற்றிச் சொன்னது. இதற்கு நான் பொறுப்பா? டீச்சர் அதற்குள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துவிட்டார், நாயுடு சாப்பிடப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார், எந்தக் கை என்று கேட்டார். வேண்டாம் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தான், சொன்னால் பொய் சொன்னது டீச்சர் என்று ஆகிவிடும், எனக்காகச் சொன்னவரை நானே காட்டிக்கொடுப்பதா, அது நியாயமா, அல்லது நான் பயப்படுவதற்கு நியாயம் என்று பெயர் வைக்கிறேனா, யோசித்து முடிப்பதற்குள் வலது கையில் பேனா இருந்ததால் டீச்சர் இடது கையை மடக்கிக் கழுத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் தினமும் யாராவது விழுவார்கள் போலிருக்கிறது, நல்ல முடிச்சு. கட்டிய மாத்திரத்தில் முழங்கை கனத்தது. அதுதான் அவனுக்கு விசித்திரமாக இருந்தது.

நாயுடு வெற்றிலைப் பொட்டலத்தோடு ஏறி வந்தார். பெரிய உடம்பு, மேல்மூச்சு. திட்டுவார் என்றுதான் அவன் எழுந்து நின்றான், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தார், கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார், இந்த நிலையிலும் வந்துவிட்டானே என்று டீச்சரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பிறகு அவன் பக்கம் குனிந்து, "ஏமய்யா, செய்யி எலா உந்தி?" என்று கேட்டார். கை எப்படி இருக்கிறது. டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடலாம், இதுதான் இடம், ஐயா கைக்கு ஒன்றுமில்லை, ஏழுதான்...

"சாலா நொப்பிகா உந்தண்டி," என்றான் கோவர்த்தனன். ரொம்ப வலிக்கிறது ஐயா. அதோடு நிற்கவில்லை. "எமுக விரகலேது." எலும்பு முறியவில்லை. வேலை கெடாமல் இருக்க வேண்டுமே என்று அந்த இரண்டாவது வாக்கியம் தானாகவே வந்தது, குரல் சரியான இடத்தில் இறங்கியது, சரியான இடத்தில் கொஞ்சம் நடுங்கியது.

நாயுடுவுக்குக் கண் கலங்கிவிட்டது. குரலுக்குக் கை எதற்கு, காகிதத்தை டீச்சர் பிடித்துக்கொள்வார்கள், இன்றைக்கு நம் சத்திரத்திலேயே தங்கிவிடு என்றார். உன் தெலுங்கும் நன்றாகத்தான் இருக்கிறது, வகுப்பை விடாதே என்றார். "ரேப்பு ஆருன்னொகட்டிக்கி," என்று கதவைத் திறந்து உள்ளே போனார். இந்த முறை புரிந்தது, அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவன் பெஞ்சிலேயே இருந்தான். ஐந்து மாதத்தில் தெலுங்கில் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் அடுக்கிப் பார்க்காமல் இவன் பேசியதே இல்லை. இன்று பேசினான். யோசிக்காமல், தட்டுத் தடங்கல் இல்லாமல், கேட்டவர் கண் கலங்கும்படி. அது எப்படி வந்தது? வகுப்பில் கற்றதா? வலிக்கிறது என்று சொன்னபோது உண்மையிலேயே எங்கோ வலித்ததே, அது கையில் இல்லை, எங்கே என்று யாராவது கேட்டிருந்தால் எந்த மொழியில் சொல்லியிருப்பான்... நோட்டைப் பிரித்தான். இன்றைய தேதியின் கீழ் எழுத நிறைய இருந்தது. ஒற்றைக் கையால் பக்கத்தைத் திருப்புவது கஷ்டமாக இருந்தது, சுற்றிலும் ஆள் இல்லாதபோதும் அவன் இடது கையை வெளியே எடுக்கவில்லை. அடுத்த பக்கத்தின் மேலே எழுதினான்:

7-3-1960, திங்கள். காலை ஆறரைக்கு மாடிப்படியில் இருக்க வேண்டும். கட்டு இடது கையில்.