விடக்கூடாதவர்கள்

"மாடிச் சாவியைக் குடுங்கப்பா" என்றாள் மகள்.

பூட்டுக்கடைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேலையா இருக்கேன்ல?"

"நான் கேக்கிறப்ப மட்டும் வேலை வந்துடும் உங்களுக்கு."

வேலை இருந்தது உண்மைதான். வீட்டு உரிமையாளர்களான எங்களுடைய இணைய மன்றத்தில் பேச்சு கட்டுக்கடங்காமல் போய்விட்டது. ஒருவர் கறையானுக்கு மருந்து கேட்டால், அதன் கீழேயே இன்னொருவர் வாடகை தராத வக்கீலை நினைத்து அழுவார். நடுவில் மூன்றாமவர் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் கூடுகிற இடத்தில் வாய்க்கா பஞ்சம்? பேச்சையெல்லாம் தலைப்புவாரியாகப் பிரிக்கும் பொறுப்பைப் பூட்டுக்கடைக்காரர் தலையில் கட்டினோம். ஆயுசு முழுக்க ஆணியையும் திருகாணியையும் அளவு பார்த்து டப்பாவில் போட்டவர். மனுஷர்களைப் பிரிப்பதா அவருக்குப் பெரிய காரியம்?

நன்றாகவே பிரித்தார். 'ஒழுகலும் ஓதமும்', 'ரிப்பேர்', 'யாருக்கு விடலாம்', கடைசியில் 'விடக்கூடாதவர்கள்'. அந்தக் கடைசிக்குள்ளே சின்னச் சின்ன டப்பாக்கள்: வக்கீல், போலீஸ், நாய் வளர்ப்பவர், டிரம் அடிப்பவர், தனியாக இருக்கும் பெண். பெண் டப்பாவில்தான் எந்நேரமும் கூட்டம். அதன் தலைமாட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் அறிவுரை தொங்கியது. எழுதியவர் 'சாவிக்கொத்து'. மன்றத்தில் பூட்டுக்கடைக்காரருக்கு அதுதான் பேர்; எங்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

"புருஷன் கூட இல்லாத பொண்ணு வீடு கேட்டு வந்தா அவசரப்படாதீங்க. அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவர் கையெழுத்துப் போட்டா யோசிக்கலாம்."

கட்டைவிரல் உள்ள அத்தனை பேரும் தூக்கி ஆமோதித்தோம். சாவி கையில் இருந்தால் புத்தியும் கூடவே வந்துவிட்டதாக எங்களுக்கு ஒரு நினைப்பு.

அவர் அதை எழுதிய காலத்தில் மகள் புருஷன் வீட்டில் இருந்தாள். அவன் கை ஓங்குவதை விடவில்லை. இவள் அவனை விட்டுவிட்டாள். இப்போது ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, இடுப்பில் குழந்தை, அப்பா வீட்டுப் பின்னறையில் வாசம். மாடியோ காலி.

"கீழயே இருந்துட்டுப் போயேன். உன்னை யாரு கழுத்தைப் புடிச்சுத் தள்ளுனா?" என்றாள் அம்மா.

"குழந்தை அழுதா அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுறாரும்மா. நான் சும்மாவா கேக்கறேன்? வாடகை தர்றேன். எனக்குன்னு ஒரு கதவு வேணும்."

அந்தக் கதவுதான் இடித்தது. கீழே இருக்கும்வரை, மகள் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போக வந்தவள் என்று தெருவுக்குச் சொல்லிக்கொள்ளலாம். மாடியேறித் தனி அடுப்பு பற்றவைத்தால் கதை முடிந்தது.

"வேற இடம் பாரும்மா" என்றார் அப்பா. "நானே வந்து பேசி முடிக்கிறேன். பேரம் பேசுறதுல உங்கப்பனை அடிச்சுக்க ஆள் உண்டா?"

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால் இரண்டு அறைகள் காலியாக இருந்தன. பூட்டுக்கடைக்காரர் முதலில் கதவுப் பூட்டைத் திருகிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். "ஓதம் இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினார். குறை சொன்னால்தானே விலை இறங்கும்! டாக்டர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பொண்ணோட வீட்டுக்காரர்?"

"அவர் வெளியூர்ல..." என்று இழுத்தார் அப்பா.

"பிரிஞ்சுட்டோம் டாக்டர்" என்றாள் மகள்.

டாக்டர் போனை எடுத்தார். "தப்பா நினைக்காதீங்க. எங்க மன்றத்துல அனுபவசாலி ஒருத்தர் இருக்கார். அவர் சொல்லாம நான் செவுத்துல ஒரு ஆணிகூட அடிக்கிறதில்ல." மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சாவிக்கொத்து எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். அங்கே ஓதம் இல்லை.

"அதான் அப்பன் வந்துட்டேனே" என்றார் மெல்ல. "கையெழுத்துப் போட்டுடறேன்."

"சரிங்க. உங்களுக்குச் சொந்த வீடு உண்டா?"

"மாடி வீடாக்கும்!" பெருமையடித்தே பழகிய வாய் முந்திக்கொண்டது.

"மாடியில யாரு?"

"இப்போதைக்குக் காலியா..."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "பெத்தவர் நீங்களே நம்பி விடல. மூணாம் மனுஷன் நான் எப்படிங்க விடறது?"

எந்த மொத்த வியாபாரியும் பூட்டுக்கடைக்காரரை இப்படி மடக்கியதில்லை. சண்டைக்குப் போகவும் வழியில்லை. டாக்டர் கடைவிரித்தது அத்தனையும் இவர் சரக்கு.

"சாவிக்கொத்து பெரிய அனுபவசாலிதாம்பா" என்றாள் மகள், தெருவில் இறங்கியதும். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். 'தனியாக இருக்கும் பெண்' டப்பாவை அழிக்க ஒரு தட்டு. இதிலுள்ள பேச்சுகளை எந்தப் பிரிவுக்கு மாற்றுவது என்று அது திருப்பிக் கேட்டது. முழித்தார்.

"எங்கேம்மா போடுறது இத்தனையையும்?"

"ரிப்பேர்ல போடுங்க. பார்க்க வேண்டிய ரிப்பேர்தானே?"

போட்டார். பிறகு ஆணியிலிருந்து மாடிச் சாவியை எடுத்தார்.

"தெருவுல நாலு பேர் பேசுவாங்களேங்க" என்றாள் மனைவி.

"பேசட்டும். அதுக்குத்தானே மன்றமே நடத்துறோம்." மகள் பக்கம் திரும்பினார். "வாடகையைப் பேசும்மா. அங்க நான் பேசின மாதிரி பேசு."

"குளியலறைச் செவுரு பூரா ஓதம்ப்பா."

"அது பழைய ஓதம்!"

"அப்ப பழைய வாடகைதான் தருவேன்."

படிந்தது.

மறுநாள் மன்றத்தில் சாவிக்கொத்து அறிவித்தார்: "மாடியை விட்டாச்சு. தனியா இருக்கிற பொண்ணு, கூட ஒரு குழந்தை."

நாங்கள் கொதித்தோம். கொதிப்பதற்கு உரிய டப்பாவைக் காணாமல், கறையானுக்குக் கீழேயும் ஒழுகலுக்குக் கீழேயும் கொதித்தோம். பல் டாக்டருக்குத்தான் ரொம்ப வலித்தது.

"அண்ணே, நீங்களே இப்படிச் செய்யலாமா? அந்தப் பொண்ணோட அப்பா வந்து கையெழுத்துப் போட்டாரா, இல்லையா?"

தலைக்கு மேலே பேத்தி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தாள். பூட்டுக்கடைக்காரர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார்:

"வந்தான். ஆள் சரியில்ல. பொண்ணோட கையெழுத்தே போதும்னுட்டேன்."

அன்றைக்கு மட்டும் எங்களில் ஒருவருக்கும் கட்டைவிரல் எழும்பவில்லை.