சிப்பிக் குவியலில் கிடைத்தவள்

செத்துப்போன கித்தேரியின் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது முன்கூடத்தில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. ஆக்னஸ் முடிச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

அண்ணன் மரியானின் குரல்தான். சாவுக்குத் துட்டி கேட்க வந்திருந்த பலசரக்குக் கடைச் செல்லப்பாண்டியிடம் அவர் பழைய கதையை எடுத்துவிட்டிருந்தார்.

“முத்துக்குளிப்பு நடந்த வருசம் அண்ணாச்சி. எங்க தாத்தா கஸ்பார் ஏலத்துல ஆயிரம் சிப்பி எடுத்தாரு. முற்றத்துல குவிச்சு, அழுக வச்சு, கழுவிப் பாத்தா ஒரு முத்துகூட இல்ல. அடியில இந்தக் கித்தேரி கெடந்து அழுதுக்கிட்டு இருந்தாளாம். சரி, இதாவது கெடச்சுதேன்னு தூக்கி வீட்டுக்குள்ள விட்டுட்டாரு.”

“சிப்பியில வந்ததுன்னாலும் உப்பு ஒறப்பு சரியாப் போட்டு ஆக்குவாவ” என்றார் செல்லப்பாண்டி. மறுபடியும் சிரிப்பு. சாவு வீடு என்பதால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கதை சொல்லப்படாத கல்யாணமோ ஞானஸ்நானமோ அந்த வீட்டில் நடந்ததில்லை. சொல்லி முடிக்கும் நேரத்துக்குக் கித்தேரியே காப்பித் தட்டோடு வருவாள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரிப்பாள். ஆக்னஸும் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான முதல் வாரத்தில் புருஷனைச் சிரிக்கவைக்க அவளிடம் இருந்த முதல் சரக்கு அதுதான். உண்மையில் அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய இடத்தில் ஒரு சிரிப்பை வைத்து அடைத்திருந்தார்கள்.

கித்தேரி அந்த வீட்டில் எழுபத்திரண்டு வருஷம் இருந்தாள். ஆக்னஸின் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். பிறகு மரியானையும் ஆக்னஸையும் வளர்த்தாள். பிறகு மரியானின் மகளை. பேசப் பழகும் பிள்ளைகூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டது. அடுப்படிக்குப் பக்கத்தில் விறகு போடும் அறையில் படுத்தாள். இன்று விடியற்காலையில் அங்கேயேதான் செத்துக் கிடந்தாள்.

மரியான் எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர்கூடப் பூசியிருந்தார்.

“ஏளா, முடிஞ்சுதா? கூடத்துக்கெல்லாம் கொண்டுவர வேண்டாம். வெயிலுக்கு முன்ன வாரவங்க இங்கனயே பாத்துட்டுப் போவட்டும். நாலு மணிக்குத் தூக்கிருவோம்.”

“எங்க வைக்கப் போறீங்க?”

“பொதுக்குழியிலதான். வேற எங்க?” பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீ கோயில்ல போய் எழுதிட்டு வந்துரு. பவுல் உபதேசியாரு ஒனக்குத்தான் பழக்கம். தகப்பன் பேரு கேட்டா தெரியாதுன்னு சொல்லு. சின்ன மணி போதும்.”

அவள் தாடைக் கட்டை இறுக்கி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கோயில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் பவுல் உபதேசியார் பழக்கமானதற்கும் காரணம் மரியான்தான். மகளுக்குக் கொழும்பில் சம்பந்தம் பேசியிருந்தார். அவர்கள் பெரிய இடம். வம்ச வரலாறு கேட்டிருந்தார்கள். “நீ சரித்திர டீச்சர்தானே, கோயில் புஸ்தகத்தப் பாத்து ஏழு தலைமொறை எழுதிக் குடு, அச்சுப் போட்டு அனுப்பிருவோம்” என்று தங்கையிடம் பொறுப்பைத் தள்ளினார். அவளும் இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து, கரையான் அரித்த பதிவேடுகளை உபதேசியாரின் துணையோடு எழுத்துக் கூட்டிப் படித்தாள். லத்தீனில் எழுதிய சாமியார்கள் பேர்களைத்தான் சிதைத்திருந்தார்களே ஒழிய, தேதிகளைச் சிதைக்கவில்லை. பறங்கிக் கப்பலில் கப்பித்தானாக இருந்தார் என்று அப்பா சொல்லிவந்த மூதாதை, அந்தக் கப்பலின் சமையல்காரர் என்று தெரியவந்தது. மரியானிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கரண்டியப் பிடிச்சாலும் கப்பல்லதானே பிடிச்சாரு” என்றார்.

பதினைந்து நாளுக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு, மூன்றாம் வருஷத்துப் பக்கங்களைக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை.

மூன்று புத்தகங்களில் மூன்று வரிகள். கல்யாணப் பதிவேட்டில், கஸ்பாருக்கும் தருவைகுளத்தில் முத்துக்குளிக்கும் குளியாள் ஒருவரின் மகள் மரியாளுக்கும் கல்யாணம். அடுத்த வருஷம் ஞானஸ்நானப் பதிவேட்டில், கஸ்பார் மரியாள் தம்பதியின் முறையான மகள் கித்தேரி. ஒன்பது நாள் தள்ளி அடக்கப் பதிவேட்டில் மரியாள், வயது பத்தொன்பது. ஏழு மாதம் கழித்துக் கஸ்பார் மறுபடியும் கல்யாணப் பதிவேட்டுக்கு வந்தார். இந்த முறை பெண், நான்கு தோணி வைத்திருந்த வீட்டுப் பெண். ஆக்னஸின் அப்பாவைப் பெற்றவள்.

மூத்தாள் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நாலு தோணிக்காரர் பெண் கொடுப்பாரா? பிள்ளையை விரட்டவும் முடியாது. அதனால் பிள்ளையைச் சிப்பிக் குவியலில் கண்டெடுத்துவிட்டார்கள்.

“அந்தப் பக்கத்த விட்டுரு” என்றார் மரியான்.

“எப்பிடி அண்ணே விட முடியும்? நம்ம அப்பாவுக்கு அக்கா அவ.”

“ஒரு தாள எழுதாம விட்டா ஒருத்தருக்கும் ஒண்ணும் கொறையாது. எழுதுனா, குளியாள் வீட்டுல பொண்ணெடுத்தவங்கன்னு கொழும்புல பேசுவான். கட்டப்போறது என் மக.”

அவருக்கு அது முன்பே தெரியும் என்பது அந்தப் பதிலின் வேகத்திலிருந்தே ஆக்னஸுக்குப் புரிந்தது. தெரிந்துகொண்டேதான் இத்தனை கல்யாணத்திலும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே கித்தேரியிடம் சொன்னாள். கித்தேரி அருவாமனையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியும்ளா. ஒங்க தாத்தா சாவக் கெடக்கையில ஒருநா பக்கத்துல ஆளு இல்ல. என்னய மகளேன்னாரு. தண்ணி குடுத்தேன்.”

“தெரிஞ்சுமா எல்லாரோடயும் சேந்து சிரிச்ச?”

“நானும் சிரிச்சா அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும்லா.” ஒரு மீனின் செதிலை உரசிப் போட்டுவிட்டு, தலையைத் தூக்காமல் கேட்டாள்: “எங்கம்மை பேரு என்னன்னு போட்டிருக்கு?”

ஆக்னஸ் சொன்னாள். கித்தேரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஆக்னஸ் குடையை மடக்கிக்கொண்டு பங்கு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது உபதேசியார் அடக்கப் பதிவேட்டை விரித்து, பேனாவை மையில் தொட்டுத் தயாராக வைத்திருந்தார்.

“வாங்க டீச்சர். காலையிலயே அண்ணன் ஆளனுப்பிச் சொல்லிட்டாரு. அனாதைன்னு போட்டிரலாம்லா?”

“போட வேண்டாம். தகப்பனார் கஸ்பார். தாயார் மரியாள், தருவைகுளம்.”

உபதேசியார் பேனாவைக் கீழே வைத்தார். “டீச்சர், அண்ணன் பங்குக் கமிட்டியில இருக்காரு.”

“நீங்க அலமாரிச் சாவிய வச்சிருக்கீங்க. மூணாம் வருசத்து ஞானஸ்நானப் புஸ்தகத்த எடுங்க.”

“எடுக்க வேண்டாம். எனக்கே தெரியும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு முன்ன இருந்தவருக்கும் தெரியும்.”

எத்தனை பேர்! ஒரு பொம்பளை எழுபது வருஷம் இந்தத் தெருவில் தண்ணீர் சுமந்து போனாள். போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அவள் யாரென்று தெரிந்திருந்தது?

“அப்போ தெரிஞ்சத எழுதுங்க” என்றாள்.

அவர் எழுதினார். எழுத்து வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. “சாவு சொல்ல வந்தவங்களுக்கு என்ன மொறைன்னும் எழுதணும். ஒங்களுக்கு அவங்க...?”

“அத்தை.”

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கித்தேரிக்கு அந்தச் சொல்லைச் சொன்னாள். சொல்லிவிட்டு, உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே என்று தன்மீதே வெறுப்பு வந்தது. பதினைந்து நாள் இருந்ததே. தெரிந்த பிறகும் பதினைந்து நாள்.

“சரி, மணி?” என்றார் உபதேசியார்.

அந்தப் பங்கில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தோணி வைத்திருக்கும் வீட்டில் சாவு என்றால் பெரிய மணி. மற்றவர்களுக்குச் சின்ன மணி.

“பெரிய மணி.”

“பெரிய மணி அடிச்சா கல்லறைக் கொத்தனாரு சிலுவை நேரா ஒங்க குடும்பக் கல்லறையத் தொறக்கப் போயிருவான் டீச்சர். அப்புறம் நிப்பாட்ட முடியாது. அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“நீங்க மணி அடிக்கது புஸ்தகத்தப் பாத்தா, எங்க அண்ணனப் பாத்தா?”

அவர் பதிவேட்டைப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை. பிறகு எழுந்து, வாசலில் உட்கார்ந்திருந்த மணிக்காரரிடம் போய் என்னவோ சொன்னார்.

ஆக்னஸ் கோயில் முற்றத்தைத் தாண்டுவதற்குள் முதல் அடி விழுந்தது. பழைய துறைமுகத்துப் பக்கம் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலைநிமிர்ந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். தெருவில் ஒவ்வொரு வாசலாகப் பெண்கள் வந்து நின்றார்கள்.

“டீச்சரம்மா, பெரிய மணி அடிக்குதே. கஸ்பார் வீட்டுல யாரு?”

“எங்க அத்தை. கஸ்பார் மூத்த மக.”

கேட்டவள் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும் ஒன்றும் கேட்காமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்து வந்தாள்.

வீட்டு வாசலில் மரியான் நின்றிருந்தார். முகத்தில் பவுடர் வேர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது.

“என்ன காரியம்ளா செஞ்சிருக்க?”

“எழுதியிருந்தத வாசிச்சேன்.”

“தாத்தாவ நடுத்தெருவுல நிறுத்திட்ட. கொழும்புக்காரன் காதுல விழுந்தா என் பிள்ள கதி என்ன?”

“ஒங்க பிள்ளைக்கு மாப்பிள இன்னொருத்தன் வருவான். இவளுக்கு இன்னைக்கு ஒருநாதான் இருக்கு.” குடையைச் சுவரில் சாய்த்தாள். “கூடத்துக்குக் கொண்டுவரணும். கட்டில ஒரு பக்கம் பிடிங்க.”

“பிடிக்க மாட்டேன்னா?”

ஆக்னஸ் தெருவைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். வெள்ளைச் சேலைகள் இரண்டும் மூன்றுமாகத் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தன. முன்னால் கமிட்டித் தலைவரின் மனைவி. பெரிய மணிக்கு வருகிற கூட்டம் அது. அது வாசலுக்கு வரும்போது பிணம் விறகு அறையில் கிடக்கக் கூடாது.

மரியான் உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தார். ஆக்னஸ் தலைமாட்டைப் பிடிக்க, கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். செல்லப்பாண்டி நாற்காலியை விட்டு எழுந்து, இடம் விட்டு, துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டார்.

பெண்கள் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். மாலையின் மூன்றாவது பத்து மணிகளைச் சொல்லிக்கொண்டிருக்கையில், கையெல்லாம் சுண்ணாம்பாகக் கொத்தனார் சிலுவை வாசலில் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு மரியானைச் சைகையில் கூப்பிட்டார்.

“கல்லறையில ஒரு பலகக் கல்ல எடுத்துட்டேன் முதலாளி. பழைய எலும்பெல்லாம் மூலைக்குத் தள்ளியாச்சு. ரெண்டாங் கல்லயும் எடுக்கணுமா வேண்டாமான்னு தெரியல. ஆளு ஒசரம் சொல்லுங்க.”

“அவளா? குட்டைதான். நாலே முக்கா அடி இருக்கும். அந்த அளவுக்குத்தான் பெட்டியும் சொல்லியிருக்கேன்.”

சவப்பெட்டி வந்துவிட்டிருந்தது. தள்ளுவண்டிக்காரர் அதை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்திருந்தார்.

“எதுக்கும் அளந்துருவோம்” என்றார் சிலுவை.

அவர் நீட்டிய சணல் கயிற்றை ஆக்னஸ் வாங்கினாள். செபம் நின்றது. ஒரு முனையைக் கித்தேரியின் உச்சந்தலையில் கிழவி பிடித்துக்கொண்டாள். ஆக்னஸ் கயிற்றை நெற்றி வழியாக, கட்டிய கைகள் வழியாக, முழங்கால் வழியாக இழுத்துக்கொண்டே போனாள். குனிந்து அடுப்பு ஊதியும் குனிந்து நடந்தும் பார்த்த உருவம் அது. அவள் மல்லாந்து நீட்டிப் படுத்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. குதிகாலுக்கு வந்ததும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

சிலுவை கயிற்றைத் தன் முழத்தில் போட்டுப் பார்த்தார். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை போட்டார்.

“அஞ்சே கால் அடி வருதே முதலாளி.”

மரியான் கயிற்றைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், தள்ளுவண்டிக்காரரிடம் மெதுவான குரலில் ஏதோ சொன்னார். அவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். வந்துகொண்டிருந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, காலிப் பெட்டி தெருவோடு திரும்பிப் போயிற்று.