அக்கா கொடுத்த சுத்த முட்டை

எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும்னு ஆய்வுக்கூடத்துல எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் மேலதிகாரி என் முகத்தையே பார்க்காம, ஜன்னலைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். எங்களுக்குச் சோதனைக்கு முட்டை வெறும் நம்பரோடதான் வரும். யாரோட பண்ணைன்னு சோதனை முடிஞ்சப்புறம்தான் சொல்வாங்க. அந்த வாரம் ஒரே ஒரு பண்ணை முட்டையில கோழிப்பேன் மருந்து அளவுக்கு மேல ஏறிக் கிடந்துச்சு. அது என் அக்கா பண்ணை.

இருக்கவே இருக்காதுன்னு கத்தினேன். பின்னே? மருந்தே படாத முட்டை ஒண்ணைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டாத்தான் எங்க சோதனை நிக்கும். சுத்த முட்டைன்னு அதைச் சொல்வோம். வருஷக்கணக்கா அதுக்கு நான் கொண்டு வந்தது, அக்கா எங்க வீட்டுக்குக் கொடுக்கிற முட்டைதான். ஒரு தடவைகூட அதுல ஒரு பொட்டு மருந்து வந்ததில்ல.

என் கைதான் தப்பு பண்ணியிருக்கணும்னு வேண்டிக்கிட்டு, பக்கத்து மேசைக்காரரை முதல்ல இருந்து செய்யச் சொன்னேன். அவருக்கும் அதேதான் வந்துச்சு. பண்ணை முட்டையில மருந்து, வீட்டு முட்டையில ஒண்ணும் இல்ல. அப்பவும் என் மரமண்டைக்கு உறைக்கல.

போன் போட்டா, உங்க மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு அக்கா சண்டைக்கு வந்தா. என் முட்டையை வச்சுத்தானே ஊர் முட்டையெல்லாம் சோதிக்கிறே, என் பண்ணையில மட்டும் எப்படி மருந்து வரும்னு மடக்கினா. பண்ணையை மூடிட்டா நடுத்தெருவுலதான் நிக்கணும்னு அழுதா. எனக்கும் அழுகை வந்துடுச்சு. என்னை வளர்த்து ஆளாக்கினவ அவ.

அன்னைக்குச் சாயங்காலமே பஸ் ஏறிப் போனேன். அவளைத் தேடிச் சமையலறைக்குப் பின்னால போனா, அங்க தனியா ஒரு கூண்டு, உள்ள ஆறேழு கோழி. இத்தனை நாளா முன்வாசல்லயே வந்து முன்வாசல்லயே போன எனக்கு அது தெரியவே தெரியாது. அக்கா குனிஞ்சு முட்டை எடுத்துக்கிட்டிருந்தா.

"இதுங்களை ஏன்க்கா தனியா வச்சிருக்கே?"

"கொட்டகைக்கு மருந்தடிக்கிறோம்ல. இது நம்ம வீட்டுக்கு. உன் பொண்ணு சாப்பிடுறாளே."

சொன்னவ, கையில முட்டையோட அப்படியே நின்னுட்டா. என் பொண்ணு மேல அவளுக்கு உசிரு, அதுல பொய்யே இல்ல.

"காசு கொடுத்து வாங்குறவங்க வீட்டுலயும் பொண்ணு இருப்பாளேக்கா."

அவ பழக்கதோஷத்துல முட்டையைப் பேப்பர்ல சுத்தி என் பையில வச்சா. நானும் வேண்டாம்னு சொல்லல.

மறுநாள் மேலதிகாரி, அறிக்கையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்காகத்தான் கேட்டார், பாவம். இன்னைக்கே அனுப்புங்க சார்னு சொல்லிட்டேன். மத்தியானம், அக்கா பண்ணையில இருந்து புதுசா எடுத்த முட்டை மறுசோதனைக்கு வந்துச்சு. சுத்த முட்டை எங்கேன்னு பக்கத்து மேசைக்காரர் கையை நீட்டினார். பையில இருந்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா பத்திரமாத்தான் சுத்தியிருந்தா, ஒண்ணுகூட உடையல.