முப்பத்துநாலரை

மாநாட்டில் அமர்வு நடத்த விரும்பி வந்த நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களில் ஒன்று மட்டும், உறையைப் பிரித்தபோது, சற்றுமுன் ஆள் எழுந்துபோன நாற்காலியைப் போலச் சூடாக இருந்தது. பிறகு ஆறவும் இல்லை. தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு அலுவலகத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. செயலாளர் வழக்கம்போலப் பெயரும் முகவரியும் இருந்த மேல்துண்டைக் கத்தரியால் வெட்டித் தனி உறையில் போட்டுவிட்டு, மீதித் தாளுக்கு எண் கொடுத்து மதிப்பிட அனுப்பினார். யார் எழுதியது என்று தெரியாமல்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் படிப்பார்கள். பொருத்தம், தெளிவு, புதுமை, அனுபவம், பயன் என்று ஐந்து தலைப்பு. தலைப்புக்கு ஐந்து மதிப்பெண். இருவர் போட்டதும் சேர்ந்து ஐம்பதுக்கு முப்பத்தாறு வந்தால் அமர்வு உண்டு, பெயர் அச்சாகும். வராவிட்டால் அது யார் என்பது செயலாளரோடு போயிற்று.

சூடான தாள், மதிப்பிடுபவர்களில் ஒருத்தியான அரைமார்க்கிடம் வந்தது. பகலில் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்த அந்தப் பெண் முழு எண்ணில் மதிப்பெண் போட்டதே இல்லை என்பதால் வந்த பெயர் அது. தாளில் கை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே போர்வைக்குள் பதினாறு வருஷம் பக்கத்தில் படுத்திருந்த அக்காவின் சூடு. அக்கா வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவோடு நடந்த சண்டையில், "நீயாவது சொல்லேன்டி" என்று அக்கா திரும்பிப் பார்த்தாள். யார் பக்கம் நியாயம் என்று இவள் யோசித்து முடிப்பதற்குள் அக்கா பெட்டியோடு தெருமுனையைத் தாண்டிவிட்டாள். தாளில் இருந்த விஷயமும் அதற்குப் பக்கத்துவீடுதான்: வீட்டை விட்டு வந்தவர்களை முதல் கடிதம் எழுதவைப்பது எப்படி.

எழுதியவரைத் தெரிந்தால் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால், கைச்சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடித்தேன் என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. கொடுத்தால் தாளும் கையைவிட்டுப் போய்விடும். அதனால் வைத்துக்கொண்டாள். பாசத்தில் கூடுதலாகப் போட்டிருப்போமோ என்று பயந்து, தலைப்புக்கு அரை அரையாகக் குறைத்தாள். இருவர் போட்டதும் சேர்ந்து மொத்தம் முப்பத்துநாலரை வந்தது. தேறாத தாள்களைப் பத்து வருஷம் பீரோவில் வைத்திருப்பது வழக்கம். மழைக்காலத்தில் அந்தப் பீரோவுக்குள்தான் அலுவலகமே கைக்குட்டை காயப்போட்டது. அடுத்த வருஷமும் ஒரு தாள் சூடாக வந்தது, இன்னும் நன்றாக எழுதப்பட்டு. நன்றாக இருக்க இருக்க அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் கூடியது. முக்கால் முக்காலாகக் குறைத்தாள். மூன்றாம் வருஷம் ஒன்று ஒன்றாக. நான்காம் வருஷம் அதற்கும் மேலே. மொத்தம் மட்டும் முப்பத்துநாலரையை விட்டு அசையவில்லை. மறுப்புக் கடிதம் தபாலுக்குப் போகும் நாளில் அவள் பீரோவைத் திறந்து, யாரும் பார்க்காத நேரமாக, தாளில் கன்னத்தை வைத்துக்கொள்வாள்.

ஐந்தாம் வருஷம், வருஷாவருஷம் அவளோடு அதே தாள்களை மதிப்பிட்டுவந்த நர்ஸம்மா பொறுமை இழந்து இரண்டு மதிப்பெண் பட்டியலையும் செயலாளர் மேசையில் போட்டார். "நான் இருபது போடுறேன், இவ பதினாலரை போடுறா. ஒண்ணு எனக்குப் பைத்தியம், இல்ல இவளுக்கு."

"ஏம்மா, இந்தத் தாள் உன்னை என்ன பண்ணிச்சு?" என்றார் செயலாளர்.

"எங்க அக்கா எழுதினதா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் சார்."

"அக்கான்னா கூடத்தானே போடுவாங்க?"

"அதான் சார் குறைச்சேன்."

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நல்லவேளை, நான் உனக்கு அக்காவாப் பொறக்கல."

செயலாளர் பெயர் இருந்த உறையைத் தொடவில்லை. கையை மட்டும் நீட்டினார். "சந்தேகம்னா தாளைக் குடுத்துடு. மார்க்குல கை வைக்காதே." அவள் கொஞ்ச நேரம் தாளை மார்போடு பிடித்திருந்துவிட்டுக் கொடுத்தாள். வேறொருவர் படித்துப் பத்தொன்பது போட்டார். ஆறு வாரம் கழித்து நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது: மூன்றாம் கூடம், பதினொரு மணி, அக்காவின் பெயர்.

மாநாடு அலுவலகம் இருந்த கட்டடத்திலேயே நடந்தது. அக்கா காதோரம் நரைத்து வந்திருந்தாள். இருவரும் வாசலில் எதிரெதிரே வந்தார்கள். அக்காதான் முதலில் கையைப் பிடித்தாள்.

"என்னக்கா, கை இப்படி ஐஸா இருக்கு?"

"அஞ்சு வருஷமா இப்படித்தான்டி. எந்த மருந்துக்கும் கேக்கல. ஒவ்வொரு தடவை எழுதி அனுப்பும்போதும் இன்னும் கொஞ்சம் ஜில்லுன்னு ஆகுது."

"அக்கா, அன்னிக்கு உன் பக்கந்தான் நியாயம்."

"இப்பத்தான் யோசிச்சு முடிச்சியா?"

தங்கை அவளை அழைத்துப்போய்ப் பீரோவைத் திறந்தாள். யாருடையவோ கைக்குட்டைகளை ஒதுக்கிவிட்டு, நான்கு வருஷத் தாள்களையும் அடுக்கி, அவற்றுக்கு நடுவே அக்காவின் கைகளை வைத்துத் தானும் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் கூடத்தில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். பேச்சாளர் குளிர்காய்ந்துகொண்டிருந்ததால் அமர்வு இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை.